கனரக ஓட்டுநர் உரிமம்: போட்ட பணம் ஆறு மாதத்தில் திரும்புமா?

2025 ஜூன் 8, திருச்செங்கோட்டுச் சகோதரி ஒருவரின் கேள்வி

என் தம்பிக்கு 21 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நூற்பாலையில் மாதம் 14,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறான். கார் ஓட்டும் உரிமத்தைக் கடந்த பிப்ரவரியில் எடுத்தான். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கனரக உரிமத்துக்கு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார்கள். லாரிக்கு ஆளே கிடைப்பதில்லை, மாதம் 35,000 வரும், ஆறு மாதத்தில் போட்டதை எடுத்துவிடலாம் என்று சொல்கிறார்கள். என் தோட்டை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டலாமா?

2025 ஜூன் 8, இரவு

கட்ட வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன். இன்று இரவு திருப்பூருக்கு ஒரு லோடு இருக்கிறது.

2025 ஜூன் 10

முதல் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 7ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இலகுரக வாகன உரிமத்தை குறைந்தது ஓராண்டு கையில் வைத்திருந்தவருக்குத்தான் போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) தரலாம் என்று அது சொல்கிறது. உங்கள் தம்பி பிப்ரவரியில் எடுத்தார் என்றால், அடுத்த பிப்ரவரி வரை அவருக்குக் கனரகப் பழகுநர் உரிமமே கிடையாது. இன்று 18,000 ரூபாயைக் கட்டினால், எட்டு மாதம் அது பள்ளிக்காரரின் மேசை இழுப்பறையில் தூங்கும். உங்கள் தோட்டுக்கு வட்டி மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். இதை அவர்கள் உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். வயதில் தடையில்லை, போக்குவரத்து வாகனத்துக்கு 20 நிறைந்தால் போதும்.

இரண்டாவது காரணம் என் சொந்தக் கணக்கு. நான் சங்ககிரிப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் ஊரில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் லாரி ஓட்டுபவரோ, லாரி வைத்திருப்பவரோ, லாரி வைத்து இழந்தவரோ இருப்பார். நான் விசைத்தறியில் நாளுக்கு 350 ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தேன். 2016இல் கார் உரிமம் எடுக்க 4,500 ரூபாய் செலவானது. 2017 ஜூலையில் கனரக உரிமம் எடுத்தபோது பள்ளிக்கு 9,000 ரூபாய், அரசுக் கட்டணம், மருத்துவச் சான்று, நகல் எடுத்தது எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். காகிதத்துக்கு ஆன செலவு இதோடு முடிந்தது, 15,100 ரூபாய்.

இனி யாரும் சொல்லாத செலவைச் சொல்கிறேன். உரிமம் கைக்கு வந்த மறுநாள் எந்த முதலாளியும் 25 லட்சம் ரூபாய் வண்டியின் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. நான் 14 மாதம் கிளீனராக ஓடினேன். சட்டைப்பையில் கனரக உரிமமும் கையில் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டையுமாக, வண்டிக்குப் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது மாதத்துக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. தறியில் நின்றிருந்தால் 26 நாளுக்கு 9,100 ரூபாய் கிடைத்திருக்கும். ஆக மாதம் 3,100 ரூபாய் இழப்பு. 14 மாதத்துக்கு 43,400 ரூபாய். மொத்தம் 58,500 ரூபாய். உரிமத்தின் உண்மையான விலை அதுதான், அன்று பள்ளிக்காரர் என்னிடம் வாங்கிய 9,000 ரூபாய் அதில் கால்பங்குகூட இல்லை.

2025 ஜூன் 11

குமாரபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “கிளீனராக இருந்தபோது உங்கள் சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுத்தார்? தறியில் இருந்தபோது யார் கொடுத்தார்?”

அவர் கேட்டது சரி. கிளீனரின் சாப்பாடு ஓட்டுநரின் படிக்காசிலிருந்து போய்விடும். தறிக்குப் போனபோது வீட்டுச் சாப்பாடு, அதாவது என் சம்பளத்திலிருந்து வாங்கிய அரிசி. நாளுக்கு 60 ரூபாய் என்று அன்றைய நிலவரத்தில் வைத்துக்கொள்கிறேன். மாதம் 22 நாள் வீதம் 14 மாதத்துக்கு 308 நாள், 18,480 ரூபாய். இதைக் கழித்தால் கிளீனர் காலத்து இழப்பு 24,920 ரூபாயாகிறது. உரிமத்தின் மொத்த விலை 40,020 ரூபாய். நேற்று 58,500 என்று எழுதியதை அடித்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டாக இந்தக் கணக்கை எல்லோரிடமும் தவறாகச் சொல்லி அனுதாபம் வாங்கியிருக்கிறேன்.

2025 ஜூன் 15

“பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பது போதாதா, எதற்குப் பதினான்கு மாதம் கிளீனர் வேலை?” என்று சகோதரி கேட்கிறார். இதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

நான் படித்த பள்ளியில் ஒரு பழைய லாரி இருந்தது. காலை ஆறு மணிக்கு ஆறு பேர் ஏறுவோம். ஒருவர் ஓட்டுவார், மீதி ஐந்து பேர் பின்னால் உட்கார்ந்து அவர் கியர் மாற்றும்போது பற்கள் உரசும் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்போம். தலைக்குப் பதினைந்து நிமிடம், இருபது நாள். ஆக மொத்தம் ஐந்து மணி நேரம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அதன் முடிவில் ‘படிவம் 5’ என்ற பயிற்சிச் சான்று கிடைத்தது. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு அது கட்டாயம், அதற்காகத்தான் பள்ளிக்கே போகிறோம். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் மைதானத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினேன். (மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசு எத்தனை முறை எழுதினாலும், எங்கள் பக்கத்தில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான்.)

இந்த ஐந்து மணி நேரமும் காலி வண்டி. காலி வண்டிக்கும் சரக்கு ஏற்றிய வண்டிக்கும் உள்ள வேறுபாடு கன்றுக்கும் காளைக்கும் உள்ளது. பத்துச் சக்கர வண்டி சரக்கோடு சட்டப்படியே 28.5 டன் வரை இருக்கலாம். அதன் பிரேக்கை மிதித்தால் நிற்காது. முதலில் யோசிக்கும், பிறகுதான் நிற்கும். சேலத்திலிருந்து பெங்களூரு போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கிருந்து திரும்பி வரும்போது வண்டி இறக்கத்தில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தவர்களின் வண்டிகள் எத்தனையோ அங்கே கவிழ்ந்திருக்கின்றன. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான் கிளீனராக ஓடிய வண்டியின் மூத்த ஓட்டுநர். அவர் முதல் ஐந்து மாதம் எனக்கு ஸ்டியரிங்கைத் தரவேயில்லை. ஆறாவது மாதம் கிருஷ்ணகிரி தாண்டிய சமதளத்தில் விடியற்காலை அரை மணி நேரம் தந்தார். தொப்பூரில் தந்தது பன்னிரண்டாவது மாதத்தில்.

மத்திய அரசு 2021இல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. கனரகத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி என்று அதில் இருக்கிறது. என் ஐந்து மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் தம்பி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நான் மட்டும் எத்தனை மணி நேரம் ஓட்டுவேன்? “எல்லாம் சேர்த்து” என்பதற்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை எழுதி வாங்குங்கள்.

அந்தச் சொல்லுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய விதிப்படி பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, ஏற்கெனவே உள்ள உரிமத்தில் புதிய வகை வாகனத்தைச் சேர்க்க 500. கூட்டினால் ஆயிரம் ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் கொஞ்சம் வரும். 18,000 ரூபாயில் ரசீது உள்ள பகுதி இவ்வளவுதான். மீதிக்கு ரசீது கேட்டால் எனக்குப் புன்னகை கிடைத்தது.

2025 ஜூன் 16

“கன்றுக்கும் காளைக்கும்” என்று எழுதியதற்கு ஒருவர், தான் மாடு வளர்ப்பதாகவும் கன்றும் நினைத்த இடத்தில் நிற்காது என்றும் எழுதியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

2025 ஜூன் 22

வருமானப் பக்கத்துக்கு வருகிறேன்.

2018 செப்டம்பரில் ஓட்டுநரானேன். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மும்பைப் பக்கம் போவோம். மகாராஷ்டிரத்தில் விரத நாட்களில் ஜவ்வரிசி உப்புமா இல்லாத வீடே இருக்காது, அதனால் அந்தத் தடத்தில் சரக்குக்குக் குறைவில்லை. ஒரு வழி சுமார் 1,200 கிலோமீட்டர். போய்வர எட்டு முதல் பத்து நாள். ஒரு நடைக்கு எனக்கு 7,500 ரூபாய். மாதம் மூன்று நடை, 22,500 ரூபாய். விசைத்தறியின் 9,100 ரூபாயைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது; முதல் மாதமே தவணையில் ஒரு பைக் வாங்கினேன்.

ஆனால் அந்த மூன்று நடைக்கு 27 நாள் சாலையில் இருந்தேன். சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் என் கைக்காசு, நாளுக்கு 250 ரூபாய். 6,750 ரூபாய் அதில் போனது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது 15,750 ரூபாய். இந்தத் தொழிலில் “சம்பளம் எவ்வளவு” என்று கேட்பவர் ஏமாறுவார்; “வீடு வந்து சேர்வது எவ்வளவு” என்று கேட்க வேண்டும்.

காத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை என்பது அடுத்தது. நவி மும்பைக்குப் பக்கத்தில் கலம்போலியில் லாரி நிறுத்துமிடம் இருக்கிறது. தென்னிந்தியாவுக்குத் திரும்பும் லோடு கிடைக்கும்வரை அங்கே கிடப்போம். ஒரு மழைக்காலத்தில் நான்கு நாள் கிடந்தேன். நடைக்கணக்கில் கூலி வாங்குபவனுக்கு அந்த நான்கு நாளும் வெறும் செலவு. வண்டி ஓடினால்தான் எங்களுக்கு நாள். நின்றால் அது நாட்காட்டியில் மட்டும் நாள்.

2025 ஜூன் 29

2021இல் நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கனரக உரிமம் என்பது தனியாகப் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை, அதன் மேல் வைக்கும் குறிப்புகள்தாம் சம்பாதிக்கின்றன என்பது என் எண்ணம்.

பெட்ரோல், டீசல், எரிவாயு, அமிலம் போன்றவற்றை ஏற்றும் வண்டியை ஓட்ட, உரிமத்தில் அபாயகரமான பொருள்களுக்கான மேற்குறிப்பு வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி. மூன்று நாள் பயிற்சி. தமிழ் போன்ற ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பயிற்சிக்கும் பயணத்துக்கும் சேர்த்து 2,200 ரூபாய் செலவு, ஐந்து நாள் வேலை இழப்பு. சங்ககிரியில் பெட்ரோலியக் கிடங்குகள் இருப்பதால் டேங்கர் வேலை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. 2022இல் மாதச் சம்பளம் 17,000, நாள்படி 250 வீதம் 25 நாளுக்கு 6,250. மொத்தம் 23,250 ரூபாய். நெடுந்தூரம் ஓடும் லைன் லாரியின் 22,500 ரூபாயோடு ஒப்பிட்டால் 750 ரூபாய்தான் கூடுதல். ஆனால் பெரும்பாலான இரவுகளில் வீட்டில் சாப்பாடு. வெளிச்சாப்பாட்டுக்கு நாளுக்கு 100 ரூபாய், மாதம் 2,500. வீடு வந்து சேர்வது 20,750 ரூபாய். முன்பு 15,750. மாதம் ஐயாயிரம் ரூபாய் மிச்சம், மூன்று நாள் பயிற்சிக்கு!

இந்த மேற்குறிப்பு மூன்று ஆண்டுதான் செல்லும். சாதாரணப் போக்குவரத்து உரிமம் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டு செல்லும். காலாவதியாகி ஓராண்டைத் தாண்டிவிட்டால் மறுபடியும் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். புதுப்பிக்கும் தேதியைச் சட்டைப்பையில் அல்ல, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

2025 ஜூலை 2

குமாரபாளையத்துக்காரர் மீண்டும் வந்துவிட்டார். “2018இன் ரூபாயையும் 2022இன் ரூபாயையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்” என்கிறார்.

வைத்துவிட்டேன்தான். என்னோடு லைன் லாரி ஓட்டிய நண்பரிடம் கேட்டேன். அதே மும்பைத் தடத்தில் 2022இல் அவருக்கு நடைக்கு 9,000 ரூபாய். மூன்று நடைக்கு 27,000. சாலைச் செலவு நாளுக்கு 300 ஆகிவிட்டதால் 27 நாளுக்கு 8,100. வீடு வந்தது 18,900 ரூபாய். என் 20,750 ரூபாயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 1,850. ஆச்சரியக்குறி போட்டு எழுதிய ஐயாயிரம் நான்கே நாளில் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதாகச் சுருங்கிவிட்டது.

இருந்தாலும் நான் டேங்கரை விட்டு லைனுக்குத் திரும்ப மாட்டேன். என் மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். என் நண்பர் அவருடைய மகன் நடந்ததை ஹூப்ளியில் நின்றுகொண்டு அலைபேசியில் பார்த்தார். அதற்கு எந்தப் பத்தியில் எவ்வளவு போடுவது என்று குமாரபாளையத்துக்காரர்தான் சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 3

“போட வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்” என்று அவர் எழுதியிருக்கிறார். முதல் முறையாக எங்களுக்குள் உடன்பாடு.

2025 ஜூலை 20

எட்டு மாதக் காத்திருப்பைப் பற்றிச் சகோதரி கேட்டதற்கு, மில்லிலேயே இருக்கட்டும் என்று தனிச்செய்தியில் பதில் எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

கார் உரிமத்தை வைத்துக்கொண்டே, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2017இலேயே மூன்று நீதிபதிகள் அமர்வு இதைச் சொல்லியிருந்தது; காப்பீட்டு நிறுவனங்கள் எதிர்த்ததால் ஐந்து நீதிபதிகள் வரை போய் உறுதியானது. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டி, இ-ரிக்‌ஷா போன்றவை இதில் சேரா. ஆகவே தம்பி இன்றைக்கே சட்டப்படி குட்டி யானை என்னும் சிறிய சரக்கு வண்டியை ஓட்டலாம். போக்குவரத்து வாகனத்துக்கான தனி அனுமதி, அதாவது பேட்ஜ், வேண்டும் என்று சில முதலாளிகள் இன்னும் சொல்வார்கள். அவர்களிடம் தீர்ப்பின் தேதியைச் சொல்லுங்கள், வாதாடாமல் அடுத்த வண்டிக்காரரிடம் போய்விடுங்கள்.

குட்டி யானை ஓட்டியவனுக்கும் மில்லில் நின்றவனுக்கும் கிளீனர் வேலையில் வேறுபாடு தெரியும். கண்ணாடியைப் பார்ப்பது, சந்தையில் பின்னோக்கி எடுப்பது, பில்லும் இ-வே பில்லும் சரிபார்ப்பது எல்லாம் ஏற்கெனவே பழகியிருக்கும். எனக்குப் பதினான்கு மாதம் ஆனது அவருக்குப் பத்தோ பன்னிரண்டோ ஆகலாம்.

2025 ஆகஸ்ட் 3

அரசு வேலைக்கு இந்த உரிமம் உதவுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இந்த ஆண்டு மார்ச்சில் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டன. பத்தாம் வகுப்பு, 24 வயது, 18 மாத அனுபவத்தோடு கனரக உரிமம், அதோடு நடத்துநர் உரிமமும் முதலுதவிச் சான்றும். கனரக உரிமம் மட்டும் இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். தம்பிக்கு 24 ஆக மூன்று ஆண்டு இருக்கிறது, அதற்குள் நடத்துநர் உரிமத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், செலவு குறைவு. இதை மட்டும் நம்பி உரிமம் எடுப்பதை நான் கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்கு கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. பள்ளியில் பணம் கட்டுமுன் நாமக்கல்லுக்கு ஒருமுறை போய் நேரில் விசாரித்துவிட்டு வாருங்கள். திருச்செங்கோட்டிலிருந்து பேருந்துக் கட்டணம்தான் செலவு.

2025 ஆகஸ்ட் 17

செலவுப் பக்கத்தில் நான் எழுதாமல் தள்ளிப்போட்டது விபத்து.

பழைய சட்டத்தில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அது ஐந்து ஆண்டு வரை ஆகிவிட்டது. விபத்துக்குப் பின் தகவல் தராமல் தப்பிப்போனால் பத்து ஆண்டு வரை என்னும் உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றன. அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தப்பிப்போகிறவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். பெரிய வண்டி, சின்ன வண்டி என்றால் கூட்டம் பெரிய வண்டிக்காரனைத்தான் அடிக்கும் என்பதைச் சாலையில் ஓடும் எல்லோரும் அறிவோம். நான் அதை நியாயப்படுத்தவில்லை. இந்தச் செலவை ரூபாயில் எழுத முடியாது என்பதால் கணக்கில் விட்டுவிட்டேன், விட்டது தவறு.

வேலை நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது (அது 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது). ஐந்து பேருக்கு மேலான தொழிலாளர் உள்ள இடத்துக்குத்தான் அது பொருந்தியது.

2025 ஆகஸ்ட் 18

திருத்தம்: ஐந்து பேர் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தியது, “ஐந்து பேருக்கு மேல்” என்று எழுதியது பிழை. எங்கள் ஊரில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளிகளே மிகுதி என்பதால் எப்படி எழுதினாலும் அவர்களுடைய ஓட்டுநர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். இவர்கள் குறைந்தபட்சம் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்திலாவது பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். என் தந்தையின் நண்பர் ஒருவர் முப்பது ஆண்டு ஓட்டிவிட்டு, பதிவு செய்யாமலேயே ஓய்ந்துபோனார்.

2025 செப்டம்பர் 14

ஜூன் 8 அன்று “கட்ட வேண்டாம்” என்று ஒரே சொல்லில் எழுதினேன். மூன்று மாதமாக இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். நான் கோபத்தில் எழுதியது பாதிதான் சரி. முழுக் கணக்கையும் இன்றைய விலையில் போட்டுப் பார்த்தேன்.

நண்பர் ஓடும் அதே தடத்தில் இப்போது நடைக்கு 11,000 ரூபாய் கிடைக்கிறது. மூன்று நடைக்கு 33,000. பள்ளிக்காரர் சொன்ன 35,000 ரூபாயிலிருந்து அது வெகுதூரத்தில் இல்லை. நான் அவரைப் பொய்யர் என்று நினைத்திருந்தேன். சாலைச் செலவு நாளுக்கு 350, 27 நாளுக்கு 9,450. வீடு சேர்வது 23,550 ரூபாய். மில் சம்பளமான 14,000 ரூபாயை விட 9,550 ரூபாய் கூடுதல். அப்படியானால் 18,000 ரூபாயும், மாதம் 180 ரூபாய் வட்டியும் இரண்டே மாதத்தில் திரும்பிவிடுகின்றன. பள்ளிக்காரர் ஆறு மாதம் என்று தன்னடக்கத்தோடு சொல்லியிருக்கிறார்!

ஆனால் அந்த இரண்டு மாதம் எப்போது தொடங்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜூனிலிருந்து எட்டு மாதம் சட்டப்படிக் காத்திருப்பு. பிறகு பயிற்சி, பழகுநர் உரிமம், தேர்வு என்று இரண்டு மாதம். பிறகு ஓராண்டு கிளீனர். ஆக இருபத்திரண்டு மாதம் கழித்து ஸ்டியரிங் கைக்கு வருகிறது. இருபத்து நான்காவது மாதத்தில் போட்ட பணம் திரும்புகிறது. பள்ளிக்காரர் ரூபாயில் பொய் சொல்லவில்லை, மாதத்தில் சொல்லியிருக்கிறார்.

கிளீனர் காலத்தில் இழப்பும் இப்போது முன்போல் இல்லை. ஆள் கிடைக்காததால் கிளீனருக்கே 12,000 ரூபாயும் சாப்பாடும் தருகிறார்கள். பல வண்டிகளில் கிளீனரே கிடையாது, ஓட்டுநர் ஒற்றையாக ஓடுகிறார். இந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாமக்கல் எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்ற புதிய ஒப்பந்த நிபந்தனையும் அவர்கள் எதிர்த்தவற்றில் ஒன்று. முதலாளிகளுக்கு அது சுமை. தம்பிக்கு அது பள்ளிக்கூடம். கிளீனர் இல்லாத ஊரில் நாளைக்கு ஓட்டுநர் எங்கிருந்து வருவார் என்று இரு தரப்பும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனவே என் பதிலை இப்படி மாற்றுகிறேன்: கட்டலாம், இப்போது கட்ட வேண்டாம், தோட்டை வைத்துக் கட்டவே வேண்டாம்.

2025 அக்டோபர் 5

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயம். “இனி உங்களுக்கு என்ன குறை” என்று உறவினர் ஒருவர் கேட்டார். நான் ஓட்டும் வண்டி பழையது; அதில் இன்ஜின் சூடு முழங்காலுக்கு இலவசம். புது வண்டி வந்தாலும், ஏசி போட்டால் டீசல் எவ்வளவு இறங்குகிறது என்று முதலாளி அளவுக்குச்சியோடு நிற்பார். தண்ணீர் குறைவாகக் குடித்து ஓட்டியதால் 2020இல் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. அதற்கு ஆன 11,000 ரூபாயை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

2025 அக்டோபர் 26

சகோதரி எழுதியிருக்கிறார். தம்பி செப்டம்பரிலேயே மில்லை விட்டுவிட்டு, நாமக்கல்லில் கடைகளுக்கு முட்டை போடும் சிறிய வண்டி ஓட்டுகிறாராம். மாதம் 15,000 ரூபாய், உடைந்த முட்டை அவர் கணக்கில். முதல் மாதத்தில் 640 ரூபாய்க்கு உடைத்தாராம். தோடு காதிலேயே இருக்கிறதாம். மார்ச்சில் கட்டுவதற்குச் சீட்டு சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த 640 ரூபாயைத் தம்பி பயிற்சிச் செலவில் எழுதி வைக்கட்டும். வேகத்தடையில் முட்டை உடையாமல் ஏற்றி இறக்கப் பழகியவருக்கு 28 டன்னை நிறுத்துவது எளிதாகக் கைவரும்.

2025 நவம்பர் 2

பரணில் என் பழைய கணக்கு நோட்டு கிடைத்தது. 2018 செப்டம்பர், ஓட்டுநராக என் முதல் நடை. சத்தாராவுக்கு முன்னால் மழை பிடித்தது. நான் கட்டிய தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து ஆறு மூட்டை ஜவ்வரிசி நனைந்தது. முதலாளி 1,200 ரூபாய் பிடித்துக்கொண்டார் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆகவே முதல் நடையில் என் வருமானம் 7,500 அல்ல, 6,300 ரூபாய். ஜூன் 22 குறிப்பைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவும்.